பழைய புல்லட் மோட்டார் சைக்கிளில் தீப்பொறி நேரத்தைச் சரிப்படுத்தும் முறை

சேலம், நாமக்கல் சமவெளியில் விடியற்காலம் எந்தக் கிராமத்துச் சாலையில் நின்றாலும், பால் கேன்களை இருபுறமும் தொங்கவிட்டுக்கொண்டு சங்கத்தை நோக்கி விரையும் மோட்டார் சைக்கிள்களின் சப்தத்தைக் கேட்கலாம். அவற்றுள் பெரும்பாலானவை புது வண்டிகள். தீப்பொறி எப்பொழுது உண்டாக வேண்டும் என்பதை மின்னணுச் சாதனம் ஒன்றே கவனித்துக்கொள்ளுவதால், அவற்றில் குடியானவர் கை வைக்க வேண்டுவதில்லை. ஆயினும் தகப்பனார் காலத்தில் வாங்கிய புல்லட்டை விற்க மனமின்றி, பாலுக்கும் நிலக்கடலை மூட்டைக்கும் சந்தைக்கும் அதையே நம்பியிருப்போர் நமது ஜில்லாக்களில் இன்னும் பலர் உண்டு. இக்கட்டுரை அவர்களுக்காக எழுதப்படுவது.

ராசிபுரம் தாலூகாவைச் சேர்ந்த பால்காரர் ஒருவர் எமக்குப் பழக்கமானவர். அவருடைய வண்டி சில மாதங்களாக இழுவை குறைந்து, பெட்ரோலையும் அதிகமாகக் குடித்து வந்தது. பட்டறை ஒன்றில் காட்டினார். அவர்கள் மூடியைத் திறந்து, உள்ளிருக்கும் தகட்டைச் சிறிது திருப்பிவிட்டார்கள், இழுவை திரும்பிற்று. சில வாரம் கழித்து வேறோரிடத்தில், தேய்ந்துபோன பாயிண்டைக் கழற்றிப் புதிது பொருத்திக்கொண்டார். மறுநாள் விடியலில் கிக்கரை உதைத்தார். அது பாதி வழி இறங்கி, மிகுந்த வேகத்துடன் திரும்பி எழுந்து அவருடைய கணுக்காலுக்கு மேல் அடித்தது. எலும்பு விரிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு. அதுவரை அவர் மனைவியாரே பால் கேன்களை டவுன் பஸ்ஸில் ஏற்றிச் செல்ல நேர்ந்தது. பட்டறைக்காரர் இருவருமே தத்தம் வேலையை ஒருவாறு சரியாகவே செய்தனர் என்பதுதான் இதில் கவனிக்கத்தக்கது. பிசகு எங்கே நேர்ந்தது என்பது பின்னால் விளங்கும்.

யந்திரத்தின் வரலாறு

இங்கிலாந்தில் ரெட்டிச் என்னும் ஊரில் செய்யப்பட்டுவந்த ராயல் என்ஃபீல்ட் புல்லட் வண்டியை, சுதந்திரத்திற்குப் பின் இந்திய ராணுவத்தார் எல்லைக் காவலுக்கென்று வரவழைத்தார்கள். 1955-ஆம் ஆண்டில் மெட்ராஸ் மோட்டார்ஸ் கம்பெனியாரும் மேற்படி ஆங்கிலக் கம்பெனியாரும் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியா என்ற ஸ்தாபனத்தை ஏற்படுத்தி, சென்னையை அடுத்த திருவொற்றியூரில் தொழிற்சாலை நிறுவினார்கள். ரெட்டிச்சில் தொழில் நின்றுபோன பிறகும் திருவொற்றியூரில் அதே வார்ப்பிரும்பு சிலிண்டர் இஞ்சின் ஏறக்குறைய 2010 வரையில் செய்யப்பட்டு வந்தது. 350 வகையின் சிலிண்டர் விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டனின் ஓட்டம் 90 மில்லிமீட்டர். கொள்ளளவு 346 கன சென்டிமீட்டர். ஓட்டம் நீண்டு, வேகம் குறைந்து, சக்கரம் கனத்திருப்பதால், மூட்டையுடன் மண்பாதையில் மெதுவாகச் செல்ல இது ஏற்ற இஞ்சின். இதன் பொறி அமைப்பும் திறந்த புத்தகம் போன்றது. இரண்டு ஸ்பானர், ஒரு திருப்புளி, ஒரு கனமானி இருந்தால் குடியானவரே சரிப்படுத்திக்கொள்ளலாம். கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு அவர்கள் இளமையில் கூலி வேலை செய்து சேர்த்த பணத்தில் ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கி, அதைப் பிரித்துப் பூட்டியே யந்திரக் கல்வி கற்றார் என்பதை நமது பக்கத்தார் அறிவர்.

பொறி ஏன் முந்த வேண்டும்?

பெட்ரோலும் காற்றும் கலந்த ஆவி சிலிண்டருக்குள் நெருக்கப்படுகிறது. பிஸ்டன் உச்சியை அடையும் தறுவாயில் பிளக்கில் பொறி பறந்து ஆவி தீப்பற்றுகிறது. பலரும் எண்ணுவது போல் அது வெடிமருந்தைப் போல் ஒரே கணத்தில் எரிந்துவிடுவதில்லை. சோளத்தட்டைப் போரில் ஒரு மூலையில் வைத்த தீ மறுமூலைக்குப் பரவுவது போல, பொறி விழுந்த இடத்திலிருந்து தீ பரவுகின்றது. அதற்கு ஒரு விநாடியில் ஆயிரத்தில் இரண்டு பங்கு காலம் ஆகிறதென்று கொள்ளுவோம். இஞ்சின் நிமிஷத்திற்கு 600 சுற்று சுற்றும்போது ஒரு சுற்றுக்கு விநாடியில் பத்தில் ஒரு பங்கு செல்லும். ஆகவே தீ பரவி முடிவதற்குள் கிராங்கு 7 பாகைதான் திரும்பியிருக்கும். 3000 சுற்றில் ஓடும்போதோ, அதே காலத்தில் 36 பாகை திரும்பிவிடும். பிஸ்டன் உச்சியைக் கடந்து கீழே இறங்கத் தொடங்கும் சமயத்தில் அழுத்தம் முழுமையாகக் கிடைக்க வேண்டுமானால், பொறி உச்சிக்கு முன்பே விழ வேண்டும். வேகம் ஏற ஏற இன்னும் முந்தி விழ வேண்டும்.

கிணற்றில் கவலை ஓட்டிய பெரியோர்களுக்கு இது எளிதில் விளங்கும். மாடுகள் பின்னோக்கி வந்து கிணற்றோரம் சேருமுன்பே அதட்டினால் சால் நிறையாது, மாடும் மிரளும். வந்து நின்று வெகுநேரம் கழித்து அதட்டினால் பொழுதுதான் வீண்.

புல்லட்டில் வேகத்திற்கேற்பப் பொறியை முந்தச் செய்யும் வேலையை, பாயிண்டுக்கு அடியில் சுழலும் இரண்டு சிறு எடைகள் செய்கின்றன. இஞ்சின் விரைந்து சுழலும்போது அவை ஸ்பிரிங்கை எதிர்த்து விரிந்து, கேமைச் சுழலும் திசையில் முன்னுக்குத் தள்ளிவிடும். நாம் செய்ய வேண்டியது, எடைகள் சுருங்கிய ஓய்வு நிலையில் பொறி விழும் இடத்தைச் சரியாக வைப்பது ஒன்றே. பழைய 350 புல்லட்டுக்கு அந்த இடம், நெருக்கும் ஓட்டத்தில் பிஸ்டன் உச்சியை அடைய 0.8 மில்லிமீட்டர் இருக்கும்போது. அங்குலத்தில் சொன்னால் முப்பத்திரண்டில் ஒரு பங்கு. கிராங்கின் சுழற்சியில் ஏறக்குறைய 10 பாகை.

பொறி மிக முந்தினால், உதைக்கும்போது பிஸ்டன் மேலேறி முடியுமுன்பே தீயின் அழுத்தம் அதைக் கீழே தள்ளி, இஞ்சினைப் பின்னோக்கிச் சுழற்றும். கிக்கர் திருப்பி அடிக்கும். பாரம் ஏற்றி மேட்டில் ஏறும்போது, சுத்தியால் இரும்பில் தட்டுவது போன்ற சப்தம் சிலிண்டரில் கேட்கும். அதைப் பொருட்படுத்தாமல் ஓட்டி வந்தால் பிஸ்டன் தலை கருகித் துளைபடும். பொறி பிந்தினாலோ, இழுவை குறையும். எரிந்து முடியாத ஆவி சைலென்சரில் எரிந்து படபடவென்று வெடிக்கும். புகைக்குழாய் சிலிண்டரோரம் நீலம் பாயும். பெட்ரோல் செலவு கூடும். இஞ்சின் கொதிப்பது இரண்டு பிசகுக்கும் பொது. ஆகையால் சூட்டை மட்டும் கண்டு இன்ன பிசகு என்று தீர்மானித்தல் கூடாது.

முதலில் இடைவெளி, பிறகே நேரம்

இவ்விஷயத்தில் அனேகர் தவறுவது இவ்விடத்தில்தான். ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

இஞ்சினின் வலப்புறம் வட்டமான மூடியைக் கழற்றினால், ஒன்றையொன்று தொட்டு நிற்கும் இரு உலோக முனைகளைக் காணலாம். இவையே கான்டாக்ட் பிரேக்கர் பாயிண்ட். அசையும் முனையில் நாரால் ஆகிய ஒரு குதிகால் உண்டு. கேமின் மேடு அக்குதிகாலைத் தூக்கும்போது முனைகள் விலகும். விலகும் அதே கணத்தில் காயிலில் மின்னோட்டம் அறுபட்டு, பிளக்கில் பொறி பறக்கிறது. அதாவது முனைகள் முழுதும் திறந்த நேரமல்ல, திறக்கத் தொடங்கும் நேரமே பொறியின் நேரம்.

இஞ்சின் ஓட ஓடக் குதிகால் தேய்கிறது. தேய்ந்த குதிகாலைக் கேம் பிந்தியே தொடுவதால், முனைகளின் இடைவெளி குறைவதுடன் பொறியும் பிந்துகிறது. இடைவெளியைக் கூட்டினால் பொறி முந்தும், குறைத்தால் பிந்தும். இந்த ஒரு விதியை நினைவில் வைத்துக்கொண்டு மேலே சொன்ன பால்காரருடைய வண்டியைப் பார்ப்போம். குதிகால் தேய்ந்து பொறி பிந்தியதால்தான் முதலில் இழுவை குறைந்தது. முதற் பட்டறையார் இடைவெளியை அளந்து பாராமல் தகட்டைத் திருப்பிப் பொறியை முந்தவைத்தனர். அப்போதைக்கு அது பொருந்திற்று. இரண்டாமவர் புதுப் பாயிண்டைச் சரியான இடைவெளியுடன் பொருத்தியவுடன், இடைவெளியினால் ஒரு முறை, தகட்டினால் ஒரு முறை என்று பொறி இருமடங்கு முந்திவிட்டது. புதிது பொருத்தியபின் நேரத்தையும் சோதித்திருந்தால் ஒரு கால் பிழைத்திருக்கும்.

வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, டாப் கியரில் போட்டுப் பின் சக்கரத்தைக் கையால் ஓடும் திசையில் திருப்புக. பிளக் இல்லாமையால் சக்கரம் இலகுவாகச் சுழலும். முனைகள் மிக அகலமாகத் திறந்த இடத்தில் நிறுத்திக் கனமானியின் தகட்டை விட்டுப் பார்க்க. இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டும். தகடு லேசாகப் பிடித்து வழுக்கிச் செல்லுவதே சரியான பதம். நிலையான முனையின் திருகைத் தளர்த்தி, வேண்டிய அளவு நகர்த்தி, திருகை இறுக்கியபின் மறுபடியும் அளக்க வேண்டும். இறுக்கும்போது சிறிது நகர்ந்துவிடுவது வழக்கம்.

முனைகள் சாம்பல் நிறத்தில் சமமாக இருந்தால் நலம். ஒன்றில் குழியும் மற்றதில் மேடும் இருந்தால், தகட்டளவு இடைவெளியைப் பொய்யாகக் காட்டும். சிறு மேட்டை மெல்லிய அரத்தால் தேய்த்துச் சமமாக்கலாம். உப்புக் காகிதத்தால் தேய்ப்பது கூடாது. அதன் மணல் முனையில் பதிந்து மின்னோட்டத்தைத் தடுக்கும். முனைகளின் நடுவே பெரிய நீலப்பொறி ஓயாமல் பறந்து, புதுப் பாயிண்டும் சீக்கிரம் கருகுமானால், குற்றம் பெரும்பாலும் கண்டென்சரில் இருக்கும். கேமின் மேல் கடுகளவு கிரீஸ் தடவினால் குதிகால் நெடுநாள் உழைக்கும். அதிகம் தடவினால் சூட்டில் தெறித்து முனைகளில் படிந்து, வண்டி நடுவழியில் நிற்கும். எண்ணெய் பட்ட முனையை வெள்ளைத் தாள் ஒன்றை நடுவில் வைத்து இழுத்துத் துடைப்பது போதுமானது.

உச்சியைக் காணும் விதம்

நான்கு ஓட்ட இஞ்சினில் பிஸ்டன் இரண்டு முறை உச்சிக்கு வரும். அவற்றுள் நெருக்கும் ஓட்டத்தின் உச்சியே நமக்கு வேண்டியது. பிளக் துளையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு சக்கரத்தைத் திருப்பினால், விரலைக் காற்று வேகமாகத் தள்ளும் ஓட்டமே நெருக்கும் ஓட்டம். சந்தேகமிருப்பின் வால்வுத் தட்டுக்கோல்களின் சிறு மூடியைத் திறந்து பார்க்க. இரண்டு கோல்களும் விரலால் உருட்டத் தளர்ந்திருந்தால் அதுவே சரியான உச்சி.

பிறகு நேரான சைக்கிள் ஸ்போக் கம்பி ஒன்றைப் பிளக் துளை வழியே விட்டுப் பிஸ்டனின் மேல் நிறுத்துக. கம்பியின் மேல் நுனியை வளைத்துவிட்டே உபயோகிக்க வேண்டும். உள்ளே விழுந்துவிட்டால் சிலிண்டர் தலையைக் கழற்றும் வேலை வந்து சேரும். கம்பி உள்ளிருக்கையில் கிக்கரை உதைப்பது எக்காரணத்தாலும் கூடாது. உச்சியருகே பிஸ்டன் சிறிது தூரம் அசையாதது போல் தோன்றும். அதனால் ஏறும்போது கம்பி ஒரு குறியைத் தொடும் இடத்தையும், இறங்கும்போது அதே குறியைத் தொடும் இடத்தையும் பின் சக்கரத்தின் ரிம்மில் சுண்ணாம்பால் குறித்து, இரண்டுக்கும் நடுமையத்தை உச்சியென்று கொள்ளுவதே நம்பத்தக்க வழி.

புல்லட்டின் பிளக் துளை சாய்ந்திருப்பதால் கம்பி காட்டும் அளவு சிறிது பிசகும். கம்பியைத் துளையின் ஒரே விளிம்பில் சாய்த்து அசையாமல் பிடித்தால் பிசகு குறையும். எவ்வாறாயினும் இதை ஆரம்பக் கணக்கென்றே கொண்டு, முடிவைச் சாலையில் ஓட்டிப் பார்த்துச் செய்ய வேண்டும்.

நேரத்தை வைத்தல்

உச்சியைக் கண்டபின் சக்கரத்தைப் பின்னோக்கிச் சற்று அதிகமாகவே திருப்பி, மறுபடியும் முன்னோக்கி மெதுவாகக் கொண்டுவந்து, உச்சிக்கு 0.8 மில்லிமீட்டர் இருக்கும் இடத்தில் நிறுத்துக. பல்சக்கரங்களின் தளர்ச்சி ஒரே பக்கம் தள்ளப்படுவதற்காகவே இவ்வாறு செய்வது. பின்னோக்கி வந்த நிலையில் நிறுத்தினால் கணக்கு தவறும்.

இனிப் பாயிண்ட் பொருத்திய தகட்டின் இரு திருகுகளையும் தளர்த்தி, முனைகள் அப்பொழுதுதான் திறக்கத் தொடங்கும் இடத்திற்குத் தகட்டைத் திருப்ப வேண்டும். கேம் சுழலும் திசைக்கு எதிராகத் தகட்டைத் திருப்பினால் பொறி முந்தும். அதே திசையில் திருப்பினால் பிந்தும். திறக்கத் தொடங்கும் கணத்தை அறிய மூன்று வழிகள் உண்டு. முனைகளுக்கிடையே சிகரெட் தாளை வைத்து மெல்ல இழுத்துக்கொண்டிருந்தால், பிடி விட்டுத் தாள் நழுவும் கணம் அதுவே. இரண்டாவது, பாட்டரியின் வோல்ட்டுக்கேற்ற சிறு பல்பின் ஒரு கம்பியை அசையும் முனைக்கும் மற்றதை இஞ்சின் உடலுக்கும் இணைத்துச் சாவியைத் திருப்புவது; முனைகள் மூடியிருக்கையில் பல்பு எரியாது, திறந்தவுடன் எரியும். மூன்றாவதற்குக் கருவியே வேண்டாம். ஹெட்லைட்டின் மேலிருக்கும் ஆம்பியர் மீட்டரின் முள், சாவி திருப்பியிருந்து முனைகள் மூடியிருக்கையில் செலவுப் பக்கம் சாய்ந்து நிற்கும். திறந்ததும் நடுவுக்கு வரும். எமது அனுபவத்தில் பல்பே தெளிவானது. தாளைவிடக் கண் ஏமாறுவது குறைவு. எந்த வழியாயினும், முனைகள் மூடிய நிலையில் சாவியை வெகுநேரம் திருப்பி வைத்திருந்தால் காயில் சூடேறும், பாட்டரியும் தீரும்.

திருகுகளை இறுக்கியபின் சக்கரத்தைத் திருப்பி, இஞ்சின் இரண்டு முழுச் சுற்று வந்ததும் அதே இடத்தில் முனைகள் திறக்கின்றனவா என்று மறுபடி பார்க்க வேண்டும். கேமைக் கையால் சுழலும் திசையில் சிறிது திருப்பி விட்டால், ஸ்பிரிங் அதைத் தடையின்றிப் பழைய இடத்திற்கு இழுத்துக்கொள்ள வேண்டும். துருப்பிடித்து எடைகள் விரிந்தபடியே சிக்கியிருந்தால், நாம் வைத்த நேரம் முழுவதும் வீண். நேரம் சரியாக வைத்தும் வண்டி உதைக்கிறதென்று குறை கூறுவோர் முதலில் இதையே பார்க்கட்டும். இறுதியில் பிளக்கின் இடைவெளியை அரை மில்லிமீட்டர் அளவில் வைத்துப் பூட்டுக.

உதைக்கும் முறையும் சோதனையும்

புல்லட்டைப் பலமாக உதைப்பதினும் சரியான இடத்திலிருந்து உதைப்பதே வழி. சாவியைத் திருப்பி, கிக்கரை மெதுவாக அழுத்தி, கடினமாகத் தடுக்கும் இடத்தில் நிறுத்துக. டீகம்ப்ரசர் கைப்பிடியை இழுத்துக்கொண்டு, ஆம்பியர் மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை சிறிதே கிக்கரை நகர்த்தி, கைப்பிடியை விட்டு, கிக்கரையும் முழுதும் மேலே வரவிட்டு, பிறகு ஒரே மூச்சில் கடைசிவரை மிதிக்க வேண்டும். இவ்வாறு செய்தால் அடுத்த நெருக்கத்தை அடையுமுன் கனத்த சக்கரம் போதிய வேகம் பெற்றுவிடும்; பின்னடி அரிது. செருப்பில்லாக் காலுடனும் ரப்பர் செருப்புடனும் உதைப்பதை விட்டொழிக்க வேண்டும்.

சாலைச் சோதனைக்குப் பாரத்துடன் ஒரு மேடு வேண்டும். கொல்லிமலைக்குக் காரவள்ளியிலிருந்து ஏறும் பாதையில் 70 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. நாமக்கல், ராசிபுரம் பக்கத்தார்க்கு இதைவிட நல்ல சோதனைச்சாலை இல்லை. அதுவும் முதல் சில வளைவுகளிலேயே தெரிந்துவிடும். பின்னால் ஓர் ஆளை ஏற்றி, மேல் கியரில் சற்று அதிகமாகவே முறுக்கிப் பார்க்க. தட்டும் சப்தம் தொடர்ந்து கேட்டால் தகட்டை மயிரிழையளவு பிந்தவைக்க. சப்தமே இல்லாமல் இழுவையும் மந்தமாயிருந்தால், அதே அளவு முந்தவைக்க. ஒரு தடவைக்குக் கனமானித் தகட்டின் கன அளவுக்கு மேல் நகர்த்த வேண்டாம். நகர்த்துமுன் பழைய இடத்தை ஊசியால் கீறி வைத்தல் அவசியம்.

இப்பொழுது விற்கப்படும் பெட்ரோலில் நூற்றுக்கு 20 பங்கு வரை எத்தனால் என்னும் சாராயம் கலந்திருப்பதால், புது எரிபொருளுக்குத் தக்கபடி நேரத்தையும் மாற்ற வேண்டுமா என்று சிலர் கேட்கின்றனர். சாராயம் தட்டும் சப்தத்தைக் குறைக்கும் இயல்புடையது. ஆகவே அதன் பொருட்டுப் பொறியைப் பிந்தவைக்க வேண்டுவதில்லை. ஆனால் அதன் எரிசக்தி பெட்ரோலைவிடக் குறைவு. கிலோமீட்டர் கணக்கு சற்றுக் குறைந்தால் டைமிங்கைக் குறை சொல்லிப் பயனில்லை. பழைய வண்டியின் ரப்பர் குழாய்களையும் வளையங்களையும் அது ஊறவைத்துக் கெடுக்கும். அவற்றை அடிக்கடி பார்க்க வேண்டும். இச்சாராயத்தில் ஒரு பகுதி மக்காச்சோளத்திலிருந்து வடிக்கப்படுவதால் தீவன விலை ஏறுகிறதென்று கோழிப் பண்ணையார்கள் முறையிடுவது வேறு விஷயம். அது இங்கே விவரிக்கத்தக்கதன்று.

யெஸ்டி, ராஜ்தூத், பழைய டி.வி.எஸ். 50 முதலிய இரண்டு ஓட்ட வண்டிகளுக்கு மேற்சொன்ன 0.8 அளவு பொருந்தாது. அவற்றில் ஒவ்வொரு சுற்றிலும் பொறி விழும். முந்தும் அளவும் வேறு. அந்தந்த வண்டியின் கைப்புத்தகத்தைப் பார்த்தே வைக்க வேண்டும். இடைவெளியை முதலில் சரிசெய்து பிறகே நேரம் பார்ப்பது என்ற முறை மட்டும் எல்லாவற்றிற்கும் ஒன்றே.

புதுப் பாயிண்டின் குதிகால் முதல் சில நூறு கிலோமீட்டரில் விரைவாகத் தேய்ந்து படியும். ஆகையால் பொருத்திய பின் 500 கிலோமீட்டரில் ஒரு முறையும், அதன்பின் 2000 கிலோமீட்டருக்கு ஒரு முறையும் இடைவெளியை அளந்து, அதையடுத்து நேரத்தையும் பார்க்க வேண்டும். எமது பால்காரர் இப்பொழுது ஒரு ஜோடிப் பாயிண்ட், கண்டென்சர், கனமானி, நுனி வளைத்த ஸ்போக் கம்பி, கம்பி இணைத்த பல்பு ஒன்று ஆகியவற்றை எண்ணெய்த் தாளில் சுற்றிக் கருவிப் பெட்டியில் வைத்திருக்கிறார்.